பால் பொங்குவதற்கு முன்னே

கடல் கடந்து வாழும் பிள்ளைகள் சொந்த வீடு கட்டுகிறார்கள் என்ற செய்தி வந்ததும் இங்குள்ள பெரியோர் உள்ளத்தில் முதலில் எழும் வினா ஒன்றுதான்: "கிரகப்பிரவேசம் என்றைக்கு?" உடனே பஞ்சாங்கம் விரிகிறது. குடும்பச் சாஸ்திரிகளிடமோ ஜோதிடரிடமோ நாள் குறிக்கப்படுகிறது. விமானப் பயணச்சீட்டும் வாங்கியாயிற்று. குலதெய்வத்திற்கு முடிந்துவைத்த காணிக்கையும் பெட்டியில் ஏறிவிடுகிறது. ஆனால் அங்கே, அந்த மண்ணில், வீடு குடிபுகும் நிலைக்கு வந்துவிட்டதா என்ற வினா மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கப்படுகிறது.

இவ்வாரம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம். நம்மவர் பெருமளவில் புதுமனை எழுப்பும் நகரங்களுள் அது ஒன்று. காரம் டவுன்ஸ் பகுதியில் சிவனும் விஷ்ணுவும் ஒரே வளாகத்தில் கோயில் கொண்டிருக்கிறார்கள். சன்ஷைன் பகுதியில் முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கிறான். எனவே சாஸ்திரிகளுக்கோ பூஜைப் பொருள்களுக்கோ அங்கே குறைவில்லை. குறை வருவதெல்லாம் நாம் குறிக்கும் நாளுக்கும் அந்த மண்ணின் நடைமுறைக்கும் இடையே உள்ள இசைவின்மையால்தான்.

நம் சாஸ்திர மரபு இவ்விஷயத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. கதவு பொருத்தாத வீட்டிலும், கூரை மூடாத வீட்டிலும், வாஸ்து தேவதைகளுக்குப் பலியும் அந்தணர்க்கும் அன்பர்க்கும் போஜனமும் இடாத வீட்டிலும் குடிபுகலாகாது என்பது பெரியோர் வாக்கு. இல்லம் காப்பளிக்கும் தகுதி பெற வேண்டும். அதன் பின்னரே அங்கே இறைவனை எழுந்தருளச் செய்ய வேண்டும் என்பது இதன் உட்பொருள். மெல்போர்னை உள்ளடக்கிய விக்டோரியா மாநிலத்தின் சட்டமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. கட்டட ஆய்வாளர் பார்வையிட்டு, 'இவ்வீட்டில் மனிதர் குடியிருக்கலாம்' என்று சான்று வழங்க வேண்டும். அந்தக் குடிபுகு அனுமதிச் சான்று கிடைக்கும்வரை அது வீடு போலத் தோன்றும் ஒரு கட்டுமானம் மட்டுமே. ஆகவே அச்சான்றுக்காகக் காத்திருப்பது சாஸ்திரத்திற்குப் புறம்பானதன்று. சாஸ்திரம் சொன்ன கதவும் கூரையும் அங்கே ஒரு காகிதத்தின் வடிவில் வருகின்றன என்று கொள்ளலாம்.

பெரியோர் சொல்ல வேண்டியவற்றை எப்போது சொல்ல வேண்டும் என்பது அடுத்தது. அங்கே பெரும்பாலான வீடுகளை ஒரு கட்டுமான நிறுவனமே முழுப் பொறுப்பேற்று, முன்கூட்டியே தீர்மானித்த வரைபடத்தின்படி கட்டித் தருகிறது. ஒப்பந்தம் கையெழுத்தான பின் ஒரு ஜன்னலை இடம் மாற்றினாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எனவே சமையலறை எந்த மூலையில் அமைய வேண்டும், பூஜையறை எங்கே வர வேண்டும், தலைவாசல் எத்திசை நோக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சுவர் எழும்பிய பின் வாஸ்து பேசுவது பிள்ளைகளுக்குப் பணச்செலவையும் மனவருத்தத்தையுமே தரும். திசை பற்றியும் ஒரு சொல். தென் அரைக்கோளத்திலும் சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறான். ஆனால் நண்பகலில் அவன் வடக்கு வானில் இருக்கிறான். ஆதலால் அங்கே வடக்கு நோக்கிய அறைகளுக்கே குளிர்காலத்தில் வெயிலும் வெதுவெதுப்பும் கிடைக்கும். முதியோர் தங்கும் அறைக்கு அது நல்லது.

பூமி பூஜையையும், மனையைக் கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே செய்துவிடுதல் உத்தமம். ஒப்படைத்தபின் வேலியிட்டுவிடுவார்கள், உரிமையாளரேயானாலும் அனுமதியின்றி உள்ளே செல்ல இயலாது. வாஸ்து புருஷன் கண்விழிப்பதாகச் சொல்லப்படும் எட்டு நாள்கள் ஆண்டில் உண்டல்லவா? அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பூஜைக்காகச் சிறு குழி தோண்டும்போதும் ஒரு நடைமுறை இருக்கிறது. மண்ணுக்கடியில் மின்கம்பி, குடிநீர்க் குழாய், தொலைத்தொடர்பு இழை முதலியன எங்கெங்கே செல்கின்றன என்பதைக் கேட்டறிய அந்நாட்டில் இலவசச் சேவை உண்டு. தோண்டுவதற்கு முன் அதில் பதிவு செய்தால் வரைபடம் அனுப்பிவைப்பார்கள். பூமித்தாயிடம் பொறுத்தருள வேண்டிக்கொண்டே நாம் மண்ணைத் தோண்டுகிறோம். அந்த மண்ணுக்குள் அக்கம்பக்கத்தாரின் ஒளியும் நீரும் ஓடுகின்றன என்பதையும் நினைந்து தோண்டுவது அப்பிரார்த்தனையை நிறைவு செய்யும்.

இனி, மிகவும் கவலைக்குரிய ஒன்று. அங்கே வீட்டு விலையைப் படிப்படியாகச் செலுத்துவது வழக்கம். விக்டோரியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நிலைபெற்ற படிமுறை இது: முன்பணம் 5 சதவீதம், அடித்தளம் முடிந்ததும் 10, மரச்சட்டகம் நின்றதும் 15, கதவு ஜன்னல் வைத்துப் பூட்டும் நிலை வந்ததும் 35, உள்வேலைகள் முடிந்ததும் 25, எல்லாம் நிறைவுற்றதும் மீதி 10. இந்தக் கடைசிப் பத்து சதவீதமே வீட்டுக்காரரின் கையில் உள்ள பிடி. நான்கு லட்சம் டாலர் ஒப்பந்தமானால் அது 40,000 டாலர். குறைகளைப் பட்டியலிட்டு, சரிசெய்யச் சொல்லி, பார்த்துத் திருப்தியடைந்த பின் அதனைச் செலுத்திச் சாவியைப் பெறுவதே முறை. குடிபுகு அனுமதிச் சான்று அளிக்கப்படும் முன் இறுதித் தொகையைக் கேட்கவும் கூடாது என்பது சட்டம்.

இங்கேதான் நம் அவசரம் குறுக்கே வருகிறது. "இந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்து நான்கு மாதம் நாள் இல்லை, எப்படியாவது முடித்துவிடு" என்று தொலைபேசியில் நாம் சொல்லும் சொல், பெற்றோர் சொல்லைத் தட்டத் தெரியாத பிள்ளையை என்ன செய்யும்? ஒழுகும் குழாயையும் சரியாகப் பூட்டாத கதவையும் கண்டும் காணாமல், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று முழுத்தொகையையும் செலுத்திச் சாவியை வாங்கச் செய்யும். பின்னர் அக்குறைகளைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அவன் அலைய நேரும். முப்பது ஆண்டுக் கடனில் வாங்கிய வீடு அது. நல்ல நாள் குறித்த நாமே அவன் பிடியைத் தளர்த்தியவர்கள் ஆகலாமா? சாவி பெறும் நாள் தொடங்கியே வீட்டுக்குக் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள்.

நாளைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களை விலக்கி, தை பிறந்தவுடன் நாள் தேடுவது நம் வழக்கம். மெல்போர்னிலோ கிறிஸ்துமஸை ஒட்டிக் கட்டுமானத் துறை முழுவதும் விடுமுறையில் செல்கிறது. ஜனவரி நடுவில்தான் ஆட்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். மார்கழிக் கடைசியில் முடியும் என்று சொன்ன வீடு தை பிறக்கும்போது அப்படியே நிற்பதன் காரணம் இதுவே. தை முதல் வாரத்தில் நாள் வைப்பதைவிட மாதக் கடைசியிலோ, சித்திரை, வைகாசியிலோ வைப்பது மனநிம்மதி தரும்.

நேரமும் இந்திய நேரமன்று. அங்கே கடிகாரம் நம்மைவிட நான்கரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை மணி நேரம். இராகு காலம் பகற்பொழுதின் எட்டில் ஒரு பங்கு ஆதலால், அந்த ஊரின் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் கொண்டே கணக்கிட வேண்டும். தை மாதத் தொடக்கத்தில் மெல்போர்னில் காலை ஆறேகால் மணியளவில் உதயம். அஸ்தமனம் இரவு எட்டே முக்கால் மணிக்குச் சற்று முன். எட்டில் ஒரு பங்கு ஏறத்தாழ 1 மணி 48 நிமிடம் ஆகிறது. திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அங்கே அது எட்டு மணியளவில் தொடங்கி ஒன்பதே முக்காலையும் தாண்டுகிறது. ஒன்பதேகாலுக்கு இராகு காலம் கழிந்தது என்று எண்ணிக் குடத்துடன் உள்ளே புகுபவர் நடு இராகு காலத்தில் நிற்பார். ஆகவே இங்கே குறித்த நேரத்தை அங்குள்ள ஆலயத்துச் சாஸ்திரிகளிடம் காட்டி ஒப்புதல் பெறுவது அவசியம்.

வீடு முடிந்தது, சாவி வந்தது என்று கொள்வோம். இல்லத்தை இல்லமாக்கும் ஒளி, நீர், நெருப்பு என்னும் மூன்றும் அங்கே எவ்வாறு வருகின்றன?

முதலில் ஒளி. நம் ஊரில் மின்வாரியம் ஒன்றே எல்லாம். விக்டோரியாவில் மின்கம்பியும் கம்பமும் ஒரு விநியோக நிறுவனத்திற்கு உரியவை. மின்சாரத்தை விற்பது வேறொரு நிறுவனம். விநியோகம் செய்வோர் ஐவர். பகுதிக்கு ஒருவர் என்பதால் நாம் தேர்ந்தெடுக்க இயலாது. விற்பனையாளர் பலர், அவருள் விரும்பியவரைத் தேர்ந்துகொள்ளலாம். கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்க்க மாநில அரசே இலவச இணையதளம் நடத்துகிறது. வாசலில் வந்து விற்பவர் பேச்சைக் கேட்டுக் கையெழுத்திடாமல் அதனைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுமானக் காலத்தில் வேறு பெயரில் இருந்த மின்கணக்கு சாவி வாங்கும் நாளிலேயே பிள்ளையின் பெயருக்கு மாற வேண்டும். இதனை ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்யாவிட்டால், குத்துவிளக்கு ஒளிரும் நேரத்தில் வீட்டு விளக்கு அணைந்துபோகவும் கூடும். மேலும், இழைவழி வரும் தொலைபேசியும் இணையமும் மின்தடையின்போது இயங்கா. அங்கே தங்கும் முதியோர், சார்ஜ் குறையாத கைப்பேசி ஒன்றை அருகில் வைத்திருத்தல் நலம்.

அடுத்தது நீர். மெல்போர்னின் குடிநீரில் பெரும்பகுதி, மனிதர் நடமாட்டம் தடுக்கப்பட்ட மலைக்காடுகளிலிருந்து வருகிறது. பூஜைக்கு உகந்த தூய நீர் அது. ஆனால் புதிய குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் ஒரே வீட்டுக்கு இரண்டு வகைக் குழாய்கள் வருகின்றன. ஒன்றில் குடிநீர். மற்றொன்றில், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெற்ற மறுசுழற்சி நீர். இரண்டாவது குழாயும் அதன் திருகும் ஊதா நிறத்தில் இருக்கும். கழிப்பறைக்கும் தோட்டத்திற்கும் கார் கழுவுவதற்கும் துணி துவைப்பதற்கும் அந்நீர் ஏற்றது. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் அதனைப் பயன்படுத்தலாகாது. இதனை அன்பர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், புதுமனையின் முன்புறத்திலும் பின்புறத்திலும் கைக்கெட்டும் திருகு பெரும்பாலும் இந்த ஊதாத் திருகுதான். விடியற்காலையில் கலசத்திற்கு நீர் பிடிக்கச் செல்பவர், வாசலிலேயே குழாய் இருக்கிறதே என்று அதில் பிடித்துவிடக் கூடும். கலச நீரைப் பின்னர் வீடெங்கும் தெளித்து, தீர்த்தமாகவும் வழங்குகிறோம் அல்லவா? ஆகையால் பூஜைக்குரிய நீரைச் சமையலறைக் குழாயிலிருந்தே எடுங்கள். பேரக்குழந்தைகள் ஊதாக் குழாயில் நீர் குடித்து விளையாடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நெருப்பு. நம்மைத் திகைக்கவைப்பதும் இதுவே. விக்டோரியாவில் 2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி பெற வேண்டிய புதிய வீடுகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் எரிவாயு இணைப்பு தரப்படுவதில்லை. அவ்வீடுகளில் சமையல் பெரும்பாலும் இண்டக்ஷன் அடுப்பில்தான். அடுப்பில் தழல் இராது. காந்தம் ஒட்டும் பாத்திரத்தை வைத்தால் அது சூடேறும், மற்றவை சூடேறா. பாட்டி காலத்து வெண்கலப் பானையையும் பித்தளைச் சொம்பையும் இங்கிருந்து சுமந்துசென்று, முகூர்த்த நேரத்தில் அடுப்பேற்றினால் பால் குளிர்ந்தே கிடக்கும். வெள்ளிக்கும் செம்புக்கும் மண்பானைக்கும் இதே நிலைதான். புறப்படும் முன் ஒரு சிறு காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எடுத்துச் செல்லுங்கள். வெண்கலப் பானைக்கு மஞ்சள் குங்குமமிட்டு, பூஜையில் நெல்லோ அரிசியோ நிரப்பி வைக்கலாம். பாலை அங்கே வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சலாம்.

தழலின்றிப் பால் காய்ச்சலாமா என்று உள்ளம் கலங்க வேண்டா. அன்னத்தைப் பக்குவப்படுத்தும் வெம்மை எங்கிருக்கிறதோ அங்கே அக்னி இருக்கிறான். உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் வெம்மையையும் ஜாடராக்னி என்றுதானே நம் முன்னோர் போற்றினார்கள்? கண்ணுக்குத் தெரியும் தீயைப் பூஜையறைத் தீபத்தில் முதலில் ஏற்றி வணங்கி, அதன் பின் அடுப்பை இயக்கினால் மனமும் நிறையும்.

ஹோமத்திற்கு இன்னும் கவனம் தேவை. புதிய வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவிகள் மின்சாரத்தோடும் ஒன்றோடொன்றும் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அலறினால் வீடெங்கும் எல்லாம் அலறும். அவற்றைக் கழற்றிவைப்பதோ மூடிவைப்பதோ கூடாது. உறங்கும் உயிர்களைக் காக்க வைத்தவை அவை. உலோகத் தட்டில் மணல் பரப்பிச் செங்கல் அடுக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில், சிறிய அளவில் ஹோமம் செய்யுங்கள். சமித்தும் நெய்யும் அளவாக இருந்தால் போதும்.

தை மாதத்தில் நாள் வைப்பவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். அது அங்கே கடுங்கோடை. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்டது. அன்றைய காட்டுத்தீ மாநிலத்தில் 173 உயிர்களைக் கொண்டது. நம் கணக்கில் அது தை மாதம். வெப்பமும் காற்றும் மிகுந்த நாள்களில் அரசு முழுத் தீத்தடையை, பெரும்பாலும் முதல்நாளே, அறிவிக்கிறது. அன்று திறந்த வெளியில் தீ மூட்டுவது குற்றம். உங்கள் முகூர்த்த நாள் அவ்வாறு அமைந்துவிட்டால், கலச பூஜையையும் பால் காய்ச்சுவதையும் அன்றே செய்துகொண்டு, ஹோமத்தைப் பின்னொரு நல்ல நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று சாஸ்திரிகளிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள். தீயை மூட்டாமல் விடுவதும் அன்று அக்னி பகவானுக்குச் செய்யும் மரியாதையே.

பெட்டியில் எடுத்துச் செல்லும் பொருள்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலியா தன் பயிரையும் கால்நடையையும் காக்க மிகக் கடுமையான சோதனை நடத்துகிறது. மாவிலை, புத்தம்புதுப் பூ, உமி நீக்காத தானியம், விதை, வறட்டி, குலதெய்வக் கோயில் மண் இவையெல்லாம் விமான நிலையத்திலேயே தடுக்கப்படும். எதையாவது சொல்லாமல் மறைத்தால் அபராதம் உண்டு. ஐயமுள்ள எப்பொருளையும் பயணிகள் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். குறிப்பிட்டதற்காக அபராதம் இல்லை. மாவிலையும் தேங்காயும் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. குலதெய்வத்தின் மண் வராவிட்டாலும் குலதெய்வம் வரும். மனத்தில் சுமந்து செல்பவரை எந்தச் சுங்கச் சாவடியும் தடுப்பதில்லை.

பூஜை முடிந்தபின் நிர்மால்யப் பூக்களை அருகிலுள்ள ஓடையில் விடாதீர்கள். தோட்டத்தில் உரமாக்கலாம், அல்லது தோட்டக் குப்பைக்கென நகராட்சி தந்திருக்கும் பச்சை மூடித் தொட்டியில் இடலாம்.

இவையனைத்தையும் தொகுத்தால் ஒரு வரிசை புலப்படும். ஒப்பந்தத்திற்கு முன் வாஸ்து. ஒப்படைப்பதற்கு முன் பூமி பூஜை. சான்று வந்து, குறைகள் தீர்ந்து, பணம் செலுத்திச் சாவி பெற்றபின் ஒளியும் நீரும் தம் பெயருக்கு மாறுதல். அதன் பிறகே முகூர்த்தம். எனவே பிள்ளையிடம் ஒரு நாளை மட்டும் சொல்லாதீர்கள்; மூன்று நாள்களைக் குறித்துக் கொடுத்து, "உன் வீடு எந்த நாளுக்கு ஆயத்தமாகிறதோ அந்த நாளில் புகுவோம்" என்று சொல்லுங்கள். பயணச்சீட்டையும் அதற்கேற்ப மாற்றத்தக்கதாக வாங்குங்கள். இந்த ஒரு சொல் எத்தனையோ இரவுகளின் உறக்கத்தை அந்தப் பிள்ளைக்கு மீட்டுத் தரும். மகனும் மருமகளும், மகளும் மாப்பிள்ளையும் கவலையற்ற முகத்தோடு வாசலில் நின்று வரவேற்கும் வேளையைவிடச் சிறந்த முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

அயல்மண்ணில் எழும் ஒவ்வோர் இல்லத்திலும் விளக்கு நின்று ஒளிரவும், நீர் குறைவின்றிச் சுரக்கவும், அடுப்பில் பால் பொங்கிப் பெருகவும் எல்லாம் வல்ல பரம்பொருளை வேண்டுவோம். அங்கே குடிபுகும் பிள்ளைகள் அந்த மண்ணுக்கும் நல்லவர்களாய், அண்டை அயலார்க்கும் வேண்டியவர்களாய்ப் பல்லாண்டு வாழ்க!